எலும்பும் எஞ்சினும்

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் எக்ஸ்ரேக்காரருக்கு மூச்சு நின்றுவிட்டது. பயப்பட வேண்டாம், ஆள் நன்றாகத்தான் இருந்தார். இருபத்தாறு வருடமாக ஒரு மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கவுண்டருக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருக்கும் அறையில், வருகிறவர் போகிறவரையெல்லாம் தகட்டின் முன்னால் நிறுத்தி, "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவந்தவர். விளக்கு எரிந்தால் மூச்சு நிற்க வேண்டும் என்பது அவர் உடம்பில் ஊறிப்போன விஷயம். இது எக்ஸ்ரே இல்லை, மோட்டார் சைக்கிள் வீடியோ என்று அந்த உடம்புக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஆக, அவருடைய முதல் வீடியோ எட்டரை நிமிடம் ஓடியது. தலைக்கவசத்தின் தாடையில் ஒட்டியிருந்த கேமரா சாலையை அழகாகவே பிடித்திருந்தது. சத்தம்தான் வேறு மாதிரி. அரை நிமிடம் நிசப்தம், பிறகு "ஹா" என்று ஒரு பெருமூச்சு, மறுபடி நிசப்தம், மறுபடி "ஹா". ஒவ்வொரு "ஹா"வுக்கும் கண்ணாடி மூடியில் ஆவி படிந்து அவருக்குச் சாலையே தெரியாமல் போனது தனிக் கதை. நான்காவது நிமிடத்தில் ஒரே ஒரு சொல் வந்தது. "மரம்."

சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் மனைவி கடைசிவரை பார்த்தாள்.

"என்னங்க, வண்டி ஓட்டினீங்களா, இல்ல கிணத்துல முங்கி எந்திரிச்சீங்களா?"

"ஹெல்மெட் கொஞ்சம் இறுக்கம்."

"நடுவுல மரம்னு ஒரு வார்த்தை வந்துச்சே. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லையா? என்ன மரம், ஏது மரம்?"

"மரம்தான்" என்றார் அவர்.

அவள் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களின் கோபத்தையெல்லாம் வாங்கி, பதமாகப் பதில் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்தால் கோபமில்லாமல் பேசுகிற ஒரு மனிதக் குரலைக் கேட்கலாம் என்று பார்த்தால், வாய்த்தவரோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவர். அவரிடம் ஏதாவது கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தொடர்ந்து இணைப்பில் இருங்கள்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். பல நேரம் இணைப்பு அப்படியே அறுந்து போகும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டும் ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ஆசையெல்லாம் இல்லை. மகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு பெரிய சுற்று.

மகளுக்கு வயது இருபத்து நான்கு. வீட்டில் இன்னும் பாப்பாதான். காற்றாலைகளின் இறக்கையைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. காற்றாலையை நிறுத்திவிட்டு, உச்சியிலிருந்து கயிற்றைப் போட்டு, அதில் தொங்கிக்கொண்டு இறக்கையில் விழுந்திருக்கும் வெடிப்பை அடைக்க வேண்டும். எண்பது மீட்டர் உயரம். வேலைக்கான கடிதம் வந்த அன்று அதை அப்பாவிடம் நீட்டி, "மூச்சை விடலாமாப்பா?" என்று கேட்டாள்.

இது அந்த வீட்டுக்கு மட்டும் புரிகிற கேள்வி. ஏழு வயதில் அவளுக்கு விடாத இருமல். அப்பாவே நெஞ்சுப் படம் எடுத்தார். "மூச்சை இழு, பிடி, அசையாதே" என்றார், ஈயத்தகடு பதித்த சுவருக்குப் பின்னால் போனார், சுவிட்சை அழுத்தினார், படத் தகட்டை உருவிக்கொண்டு இருட்டறைக்குப் போய்விட்டார். விடலாம் என்று சொல்ல மறந்துபோனார். ஏதோ சீட்டை விட்டுவிட்டோமே என்று திரும்பி வந்தால், குழந்தை இரண்டு கன்னமும் உப்பி, கண் பிதுங்கி, முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தது. அப்பா சொன்னாலொழிய விடுவதில்லை என்று அத்தனை நம்பிக்கை. அதற்குப் பிறகு பள்ளிச் சுற்றுலாவோ, புதுச் சைக்கிளோ, கல்லூரியோ, எதற்கு அனுமதி கேட்டாலும் கன்னத்தை உப்பிக் காட்டி, "மூச்சை விடலாமாப்பா?" என்பாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு "விடலாம்" என்பார். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

கடிதத்தை நீட்டிய அன்று அவர் "ம்" என்றார். எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அவள் பத்து நாள் காத்திருந்தாள். கிளம்பும் நாளில் பஸ் ஜன்னல் வழியாகக் கன்னத்தை லேசாக உப்பிக்கூடக் காட்டினாள். அவர் "பார்த்துப் போ" என்றார். பஸ் நகர்ந்தது.

அவருக்குக் கோபமில்லை, பயம். ஏணியிலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து விழுந்தவர், மாடியில் துணி காயப்போடப் போய் விழுந்தவர் என்று இருபத்தாறு வருடம் விழுந்தவர்களின் உள்ளே பார்த்தவர். எத்தனை அடிக்கு எந்த எலும்பு என்பது அவருக்கு மனப்பாடம். எண்பது மீட்டருக்கு அவரிடம் படம் இல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவர்களை அவர் அறைக்குக் கொண்டுவருவதில்லை. போகாதே என்று சொல்ல மனம் வரவில்லை, போ என்று சொல்ல நாக்கு புரளவில்லை. நடுவில் நின்றது அந்த "ம்".

எட்டு மாதம் ஆயிற்று. தினமும் மாலை அவள் அம்மாவுக்குப் போன் செய்வாள். நடுவில் அவர் கைக்கு வரும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்ப்பா." "சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்." கடிகாரம் வைத்துப் பார்த்தால் ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியில் கோபமில்லை என்பதை எங்கே திணிப்பது?

போன வாரம் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பத்து நாள் விடுமுறை. வீட்டுக்கு வரலாம், இல்லையென்றால் கூட வேலை செய்கிறவர்களோடு கடற்கரைப் பக்கம் போகலாம். "அப்பாவுக்கு இன்னும் கோபம் போகல. அவரா வான்னு சொன்னா வர்றேன். நீ சொல்லிக் குடுத்து அவர் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். அம்மா அதை வார்த்தை பிசகாமல் அவரிடம் சேர்த்தாள். புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள் அல்லவா.

"புகாரைப் பதிவு பண்ணியாச்சு. மாசக் கடைசிக்குள்ள தீர்த்து வைங்க" என்றாள்.

இந்த இடத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் உள்ளே வருகிறார். முப்பது வயது, ஓயாத வாய். வண்டியில் நோயாளி இல்லாத நேரமெல்லாம் எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, யார் யாரோ மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றி எடுத்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உடனே வைத்தியம் தெரிந்துவிட்டது.

"சார், உங்களுக்கு எதிர்ல ஆள் இருந்தா வாய் அடைச்சுக்குது. அவ்வளவுதான் வியாதி. ஹெல்மெட்டுக்குள்ள யார் இருக்கா? நீங்க மட்டும்தான். வண்டியை ஓட்டிக்கிட்டே நீங்க பாட்டுக்குப் பேசுங்க. ரோட்டைப் பத்திப் பேசுங்க, மழையைப் பத்திப் பேசுங்க, போற போக்குல பாப்பாவுக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிடுங்க. பாப்பா பார்த்துக்கும்."

"எனக்கு கேமரா கீமரா தெரியாதுப்பா."

"நீங்க தினம் அம்பது படம் எடுக்கறீங்க சார்."

மறுநாளே எல்லாம் வந்து இறங்கியது. டிரைவரின் மச்சான் ஆசைப்பட்டு வாங்கி, வீட்டு வாசலைத் தாண்டாமல் வைத்திருந்த கேமரா. தாடையில் ஒட்டும் பட்டை. ஒட்டினால் ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாதாம். கடுகளவு மைக், அதற்கு ஒரு பஞ்சுக் குல்லா. "இந்தக் குல்லாவை மட்டும் தொலைச்சிடாதீங்க சார். இது இல்லாட்டி நீங்க பேச மாட்டீங்க, காத்துதான் பேசும்" என்று டிரைவர் மூன்று முறை சொன்னார். எக்ஸ்ரேக்காரரின் வண்டிக்குப் பன்னிரண்டு வயது. வீடு, மருத்துவமனை, வீடு என்பதைத் தவிர அதற்கு உலகம் தெரியாது. அதற்கும் ஒரு பெட்டி கட்டி, கண்ணாடியைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்கள். அந்த அமர்க்களத்தில் பிறந்ததுதான் நாம் முதலில் பார்த்த எட்டரை நிமிடம்.

அந்த வீடியோவை மனைவி மகளுக்கு அனுப்பிவிட்டாள். கேட்டபோது, "ஏன், ஊருக்குக் காட்டத்தானே எடுத்தீங்க?" என்றாள். அவருக்குக் கை கால் ஓடவில்லை. மாலை போன் வந்தது. மகள் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பாவுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

இரண்டாவது வீடியோவுக்கு மனைவியே பேச்சு எழுதிக் கொடுத்தாள். முதலில் வணக்கம், அடுத்து பெயர், அடுத்து இன்று எங்கே போகிறோம் என்ற விவரம், கடைசியில் மனதில் இருப்பது. அவர் இரண்டு நாள் மனப்பாடம் செய்தார். ஞாயிறு காலை வண்டியைக் கிளப்பி, சிவப்பு விளக்கைப் பார்த்து, "வணக்கம்" என்று தொடங்கி, வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெயர் வெளியே வரவில்லை. சிக்னலில் வண்டி நின்றது. ஒரு பெரியவர் சாலையைக் கடந்தார். அவரைப் பார்த்ததும் எக்ஸ்ரேக்காரருக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது.

"வலது முட்டி. குருத்தெலும்பு தேஞ்சிருக்கு. நடைய பாருங்க, பாரத்தை இடது கால்ல போடறார். இவர் மாடிப்படி ஏறக் கூடாது."

அடுத்த சிக்னலில் ஒரு பெண்மணிக்குத் தோள்பட்டை. பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒருவருக்குக் கழுத்து. பூங்கா வாசலில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தவருக்குக் குதிகால். பன்னிரண்டு நிமிட வீடியோவில் அவர் பேசியதெல்லாம் ஊரார் எலும்பைப் பற்றித்தான். ஆம்புலன்ஸ் டிரைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சேனலுக்குப் பெயர் வைத்தார்: எலும்பும் எஞ்சினும். பார்த்தவர்கள் பதினேழு பேர். சேர்ந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் மனைவி, ஒருவர் மகள், மீதி இரண்டும் ஆம்புலன்ஸ் டிரைவரின் இரண்டு போன்கள்.

"மனசுல இருக்கறதைச் சொல்லச் சொன்னா, மத்தவங்க முட்டியில இருக்கறதைச் சொல்லியிருக்கீங்களே" என்றாள் மனைவி.

மூன்றாவது வீடியோவுக்கு டிரைவர் புது யோசனை சொன்னார். ஓட்டும்போதுதானே பேச வரவில்லை, நின்று பேசட்டும். மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை ஓரமாக வைத்து, வண்டியில் சாய்ந்து நின்று, முகத்தைக் காட்டி நாலு வார்த்தை. எக்ஸ்ரேக்காரர் ஏரிக்கரைச் சாலைக்குப் போனார். ஸ்டாண்டை நிறுத்தினார், கோணம் பார்த்தார், வண்டியை நேராக்கினார். பொத்தானை அழுத்தினார். அழுத்திய கையோடு விடுவிடுவென்று நடந்து, பக்கத்தில் இருந்த மதில் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எத்தனை வருடப் பழக்கம். பொத்தானை அழுத்துகிறவன் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அங்கே நின்றபடியே மூச்சைப் பிடித்து, மனதுக்குள் மூன்று எண்ணி, "விடலாம்" என்று வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்து பொத்தானை அணைத்தார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஏரி இருந்தது, வண்டி இருந்தது, வண்டியின் கண்ணாடியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து போயிருந்தது. ஆளைத்தான் காணோம்.

மனைவி இந்த முறை கிண்டல் செய்யவில்லை. அலமாரியிலிருந்து ஆல்பங்களை எடுத்து வந்து மேசையில் போட்டாள். பாப்பாவின் முதல் பிறந்த நாள், பள்ளி ஆண்டு விழா, வீடு மாறிய நாள். எல்லாவற்றையும் எடுத்தவர் அவர். ஒன்றில்கூட அவர் இல்லை. ஒரே ஒரு படத்தில் ஓரமாக ஒரு முழங்கை தெரிந்தது.

"இது உங்க முழங்கைதானே? எலும்பைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். ஆல்பத்தை மூடினாள். "என்னங்க, அவ கேக்கறது ஒரு வார்த்தைதான். இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

மறுநாள் அவர் மருத்துவமனையில் விடுப்புச் சொன்னார். மருத்துவமனையே ஆடிப்போனது, அவர் விடுப்பு எடுத்து யாரும் பார்த்ததில்லை. காலையில் "ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டிப் பெட்டியில் இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்தார். மனைவி பாட்டிலைப் பார்த்தாள், டயருக்குக் காற்று அடித்திருப்பதைப் பார்த்தாள், எங்கே என்று கேட்கவில்லை. மகள் வேலை பார்க்கும் இடம் நூற்று நாற்பது கிலோமீட்டர்.

வழியெல்லாம் கேமராவைத் தொடவே இல்லை. முதல் நாற்பது கிலோமீட்டர் முதுகு வலித்தது, அடுத்த நாற்பது மணிக்கட்டு வலித்தது, அதற்குப் பிறகு எது வலிக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டார். வண்டியும் அவரைப் போலவே முனகிக்கொண்டு போனது. ஒரு மேட்டில் ஏறித் திரும்பியதும் அவை தெரிந்தன. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளைக் கம்பங்கள், மூன்று மூன்று இறக்கைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சுற்றின. ஒன்று மட்டும் சுற்றாமல் நின்றது.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பம்புசெட் அறை இருந்தது. அதன் முன்னால் வண்டியை நிறுத்தினார். உள்ளே போய் மகளைக் கேட்கலாம் என்று தோன்றவே தோன்றாத மனிதர் அவர். எதிரில் போய் நின்றால் "சாப்பிட்டியா" என்பார், அம்மாவிடம் கொடுக்கவும் அங்கே அம்மா இல்லை. கேமராவைத் தலைக்கவசத்திலிருந்து கழற்றி ஸ்டாண்டில் நிறுத்தினார். மைக்கை உள்ளேயிருந்து உருவிச் சட்டையில் குத்திக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். கால்கள் தாமாகவே பம்புசெட் அறைக்குப் பின்னால் போய்விட்டன.

அங்கே சுவரில் முதுகை ஒட்டி நின்றபோது அவருக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. நூற்று நாற்பது கிலோமீட்டர் வந்தது இந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கவா? பஸ் ஜன்னலில் உப்பிய கன்னம் நினைவுக்கு வந்தது. வெளியே வந்தார். கேமராவுக்கு நேர் எதிரில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூச்சு நின்றது. நெஞ்சு வலிக்கும்வரை நின்றது. பிறகு உடைந்துகொண்டு வந்தது.

"பாப்பா" என்றார். "எனக்குக் கோவம் இல்ல."

மடை திறந்துவிட்டது. பதினோரு நிமிடம் பேசினார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கோபமில்லை, பயம்தான் என்றார். விழுந்தவர்களின் படங்களை வரிசையாகச் சொன்னார். ஒவ்வொரு மாலையும் போன் மணி அடித்தால்தான் அன்று அவள் பத்திரமாக இறங்கிவிட்டாள் என்று தெரிகிறது என்றார். அதைக் கேட்டதும் நெஞ்சு அடைத்துப்போவதால்தான் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். நீ மேலே நின்று வேலை செய்வது எனக்குப் பெருமைதான், வார்டு வார்டாகப் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், உன்னிடம்தான் சொல்லவில்லை என்றார். அன்றைக்கே விடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும், மறுபடியும் மறந்துவிட்டேன் என்றார். வீட்டுக்கு வா என்றார். இதை மட்டும் மூன்று முறை சொன்னார்.

பேசி முடித்துப் பக்கவாட்டில் திரும்பியபோதுதான் பார்த்தார். சுற்றாமல் நின்ற காற்றாலையின் இறக்கையோரம் நூல் மாதிரி ஒரு கயிறு தொங்கியது. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. அது மகளா வேறு யாராவதா, தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அவருக்கு அந்த நேரத்தில் அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. புள்ளி கீழே இறங்கத் தொடங்கியது. அவர் கன்னம் உப்பியது.

புள்ளி நடுவில் நின்றது; அவர் அவசரமாக ஒரு மூச்சு விட்டு, அடுத்ததை இழுத்துப் பிடித்தார். புள்ளி ஒரு பக்கமாக ஆடியது. அவர் கை தானாக எழுந்து, தோளைப் பிடித்து நேராக நிறுத்துவதுபோல் காற்றில் நின்றது. கடைசியில் புள்ளி தரையைத் தொட்டு, ஆளாக மாறி, இரண்டடி நடந்தது. அவர் "விடலாம்" என்று முணுமுணுத்து மூச்சை விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கேமராவை அணைத்து, ஊர் திரும்பினார்.

மாலை ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மூவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். படத்தில் அவர் தெளிவாக இருந்தார். வாய் திறந்தது, மூடியது, கை ஆடியது, ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தார். கேட்டது காற்று. பதினோரு நிமிடமும் "பர்ர்ர்" என்று காற்று, காற்று, காற்று மட்டும்.

"சார், மைக்குக்குப் பஞ்சுக் குல்லா போட்டீங்களா?" என்றார் டிரைவர்.

எக்ஸ்ரேக்காரர் எழுந்து போய்த் தலைக்கவசத்தை எடுத்து வந்தார். மைக்கை உருவியபோது கழன்ற குல்லா, தாடைப் பட்டைக்குள் பத்திரமாகச் சிக்கியிருந்தது.

"உலகத்துல எவ்வளவோ இடம் இருக்கு" என்று டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜென்மத்துல ஒரு தடவை வாயைத் திறக்கறதுக்கு, காத்துக்குன்னே தோட்டம் போட்டு வச்சிருக்கற இடமா பார்த்துப் போயிருக்கீங்களே. இது தேறாது சார். அழிச்சிடலாம்."

எக்ஸ்ரேக்காரர் குல்லாவை எடுத்து மைக்கில் மாட்டினார். பேசியதெல்லாம் பேசி ஆகிவிட்டது. மறுபடி அதே போல வராது என்று அவருக்குத் தெரியும். முகம் வாடிவிட்டது. இன்னும் நான்கு நாள்.

மனைவி போனை டிரைவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கடைசி நாலு நிமிடத்தை, அவர் திரும்பி நின்று கன்னம் உப்ப மேலே பார்க்கிற அந்தப் பகுதியை, மறுபடி ஒருமுறை பார்த்தாள். "எதுக்கு அழிக்கணும்? ஆல்பத்துல இல்லாத ஆளு இதுல முழுசா இருக்காரு" என்று சொல்லி, தானே சேனலில் ஏற்றினாள்.

அன்று மாலை வழக்கமான போன் வரவில்லை. எக்ஸ்ரேக்காரர் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தார். மனைவி, "மழைக்காலத்துக்கு முன்னாடி வேலை அதிகம்னு சொன்னாளே" என்றாள். சொன்னவளே இரண்டு முறை போனை எடுத்து மணிச் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். மறுநாள் வேலையில் அவர் ஒரு நோயாளியைத் தகட்டின் முன்னால் நிறுத்திவிட்டு விடலாம் என்று சொல்ல மறந்துபோய், அந்த மனிதர் நீலம் பாரித்து தானே அனுமதி கேட்டு மூச்சு விட வேண்டியதாயிற்று.

மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்து நாற்காலியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போன சேலையைக்கூட மாற்றவில்லை.

"உங்க வீடியோவுக்குக் கீழ ஒண்ணு எழுதியிருக்கா. படிக்கட்டுமா?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் படித்தாள்.

"முப்பத்தொண்ணாம் நம்பர் காத்தாலை. கயித்துல இருந்தது நான்தான். நேத்து ராத்திரியிலிருந்து ஆறு தடவை பார்த்துட்டேன், ஒரு வார்த்தை கேக்கல. ஆனா நான் இறங்கறவரைக்கும் நீங்க என்ன பண்ணீங்கன்னு பார்த்தேன். பத்திரமா இறங்கிட்டேன்ப்பா. மூச்சை விடலாம்."

எக்ஸ்ரேக்காரர் விட்டார். எட்டு மாத மூச்சு, சத்தத்தோடு வந்தது. மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது ஹெல்மெட் இல்லாம மூச்சு விடறீங்களே" என்றாள்.

அவர் அவள் கையிலிருந்து போனை வாங்கினார். அந்த வீட்டில் அவராக எண்ணைத் தேடி அழுத்தியது அதுதான் முதல் தடவை. இரண்டு மணி அடிப்பதற்குள் மகள் எடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன்ப்பா." பிறகு, சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில், "சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்னு சொல்லுங்க" என்றாள்.

மனைவி பழக்க தோஷத்தில் கையை நீட்டியிருந்தாள். பக்கத்திலேயே, ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேக்காரர் நீட்டிய கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா வேலையா இருக்கா" என்றார். "நீ எப்ப வர்றே?"

மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.